மஞ்சள் என்று தனியாக ஒன்று கிடையாதாம்

என் மனைவியின் ஒரே தம்பியும் என் தொழிலின் ஒரே எதிரியுமான அருமை மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு யாவரும் நலம், அங்கு உன் நலத்துக்கு எழுதவும் என்று தொடங்கத்தான் கை போகிறது. பழகிய கை, போகட்டும். நலம் என்றே வைத்துக்கொள். உன் அக்கா என்னோடு பேசி நாலு நாளாகிறது, உன் அம்மா சிரித்து ஆறு நாளாகிறது, பல் டாக்டரம்மா வெள்ளிக்கிழமை வரை எனக்குக் கெடு வைத்திருக்கிறார். இவை தவிர நலத்துக்கு ஒரு குறைவும் இல்லை.

இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ கேட்பாய். போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன் அத்தான்" என்கிறாய். செய்தி அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புகிறாய். 'என் பிழைப்பே போகப்போகிறது' என்று எழுதியதற்கும் கட்டைவிரல்தான் வந்தது. சரி, தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பலாம் என்றால், உன் செயலி நடுவில் புகுந்து தாளை வெளுத்து எழுத்தைச் சிவக்க வைத்துவிடுமோ என்று பயம். ஆகவே பேனா, உறை, கூரியர். நான் எழுதுவது நீல மையில். உன் கண்ணுக்கு வேறு நிறமாகத் தெரிந்தால் நான் பொறுப்பில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது உனக்கு மறந்திருக்கலாம், நினைவுபடுத்திவிடுகிறேன். பல் செய்கிறேன். டாக்டரம்மா உடைந்த பல்லை ராவி அச்செடுத்து அனுப்புவார், நான் பீங்கான் மாவைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்து, சூளையில் சுட்டு, மேலே மாட்டுகிற உறையாகத் திருப்பி அனுப்புவேன். இந்த வேலையில் உருவத்தைக் கொண்டுவருவது யாருக்கும் வரும். நிறம்தான் வித்தை. பக்கத்துப் பல்லோடு அது ஒட்டிப் பிறந்தது மாதிரி இருக்க வேண்டும். அதற்காக என் மேசையில் பதினாறு மாதிரிப் பற்கள் கோத்த ஒரு பட்டை இருக்கிறது. ஆளை ஜன்னலோரம் உட்காரவைத்து, பட்டையை உதட்டோரம் பிடித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, இதுதான் என்று முடிவு செய்வேன். இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் நடந்தது. ஒரு பல் திரும்பி வந்ததில்லை. ஒரே ஒரு பல் வந்தது, அதுவும் அந்த ஆள் அதை விழுங்கிவிட்டதால்.

போன விடுமுறைக்கு நீ வந்தாய். வந்தவன் சாப்பிட்டோமா, படுத்தோமா என்று இருந்திருக்கலாம். என் பட்டறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்து, ஒரு அம்மாள் ஜன்னலோரம் வாயைத் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துலயும் பல்லை நேர்ல பாக்குறீங்களா அத்தான்?" என்று கேட்டாய். பல்லை நேரில் பார்க்காமல் வேறு எங்கே பார்ப்பது என்று எனக்குப் புரியவில்லை. மூன்றே நாளில் செயலி செய்து கொடுத்தாய். டாக்டரம்மா அங்கே படம் எடுப்பார், அடுத்த நொடி என் போனில் பல் வந்து நிற்கும், செயலியே நிறத்தைத் திருத்திக் கொடுத்துவிடும், நோயாளி என் மாடிப்படி ஏற வேண்டாம். டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "உங்க மச்சான் கெட்டிக்காரர்" என்றார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். படத்தில் மாதிரிப் பட்டையும் கூட இருக்கட்டுமே என்று நான் சொன்னதற்கு, "அதெல்லாம் பழைய முறை, ஆப்பே பாத்துக்கும்" என்று கையை வீசினாய். அந்த வீச்சு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அப்புறம் எனக்குப் பாடம் நடத்தினாய். "அத்தான், படத்துல ஒவ்வொரு புள்ளியும் மூணு நம்பர்தான். சிவப்பு, பச்சை, நீலம். பூஜ்யத்துல ஆரம்பிச்சு இருநூத்தி ஐம்பத்தஞ்சு வரைக்கும். இந்த மூணையும் கூட்டிக் குறைச்சா எந்த நிறமும் வரும்."

"மஞ்சள் எங்கப்பா?"

"மஞ்சள்னு தனியா ஒண்ணு கிடையாது அத்தான். சிவப்பும் பச்சையும் சேர்ந்தா அதுதான் மஞ்சள்."

அன்றைக்கே உன்னைப் பெட்டியோடு ஊருக்கு அனுப்பியிருக்க வேண்டும். பல்லின் மஞ்சளை வைத்து இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்துகிறவனிடம், மஞ்சளே கிடையாது என்கிறாய். வெளிர் மஞ்சள், பழுப்பு மஞ்சள், காபி குடிக்கிற மஞ்சள், குடித்துவிட்டு உடனே கொப்பளிக்கிற மஞ்சள் என்று எனக்கு மட்டும் தெரிந்த மஞ்சளே பதினேழு இருக்கிறது. அக்கா முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன். பழைய போனின் திரை சரியில்லை, புதுசு வாங்குங்கள் என்றாய், வாங்கினேன். அந்தத் திரையை உற்று உற்றுப் பார்த்து ஒரே வாரத்தில் கண் எரிச்சல் கண்டது. உன் மருமகள், அதாவது என் மகள்தான், இரக்கப்பட்டு, கண்ணைக் குத்தாமல் ஏதோ அமைத்துக் கொடுத்தாள். ஆக உன்னால் தொழில் மட்டும் போகவில்லை, கண்ணும் போகப்பார்த்தது என்பதைக் குறித்துக்கொள்.

முதல் பலி வங்கி மேலாளர். மேல் வரிசை, முன் பல். சாயங்காலம் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, போனில் வந்த படத்துக்குச் சரியாக, மயிரிழை பிசகாமல் செய்து அனுப்பினேன். மறுநாள் டாக்டரம்மா கூப்பிட்டார். "சார், பல்லு டீ டிகாக்ஷன்ல ஊறினாப்ல இருக்கு. அவரு கண்ணாடியைப் பாத்துட்டு, இது யாரோடதுன்னு கேக்குறாரு." நான் படத்தை மறுபடி திறந்து பார்த்தால் படத்தில் அப்படியொன்றும் மஞ்சள் இல்லை. உடனே உன்னைக் கூப்பிட்டேன்.

"ஈஸி அத்தான். நீலத்தை ஒண்ணு புள்ளி பூஜ்யம் எட்டால பெருக்கிடறேன். மஞ்சள் குறைஞ்சிடும்."

"மஞ்சளே கிடையாதுன்னு சொன்னியேப்பா. இல்லாதது எப்படிக் குறையும்?"

மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். மறுநாள் செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு ஒரு அறிவிப்புக் காட்டியது: 'சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன. உங்கள் அனுபவம் மேம்படுத்தப்பட்டுள்ளது.' அந்தச் சிறு பிழை யார், வங்கி மேலாளரா? அவர் ஆறடி உயரம். அனுபவம் மேம்பட்டது யாருக்கு என்பதும் தெரியவில்லை. அதற்குக் கீழேயே ஐந்து நட்சத்திரம் கொடுங்கள் என்று கேட்டிருந்தாய். உனக்குக் கூச்சம் என்பதே கிடையாதா?

இரண்டாவது பலி பாட்டு டீச்சர். இந்த முறை காலையில் முதல் வேலையாக, தெளிந்த மனத்தோடு உட்கார்ந்து செய்தேன். படத்தில் பல் சற்று வெள்ளையாகத்தான் தெரிந்தது. ஆனால் செயலியைத் திருத்தியாயிற்றே, இனி இதுதான் நிஜம் என்று நம்பினேன். மாட்டிய பிறகு அந்த அம்மாள் வாயைத் திறந்தால் மற்ற பல்லெல்லாம் பல்லாகவும் அது மட்டும் டியூப்லைட்டாகவும் இருந்ததாம். வகுப்பில் அவர் மேல் ஸ்தாயியில் ஒரு இழுப்பு இழுக்க, முன்வரிசைப் பிள்ளைகள் பாட்டை விட்டுவிட்டுப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். உன்னைக் கேட்டால், "எண்ணு இருநூத்தி ஐம்பத்தஞ்சுக்கு மேல போக முடியாது அத்தான், அங்கயே முட்டி நின்னுடும், அதான் வெள்ளையா தெரியுது" என்கிறாய். முட்டி நின்றது எண் இல்லை, டாக்டரம்மாவும் நானும்.

இதற்கு நீ கண்டுபிடித்த மருந்துதான் நோயை விட மோசம். இனி செயலியே படத்தை மொத்தமாகப் பார்த்து, தானாக நிறத்தைச் சமன் செய்யும் என்றாய். அந்த வாரம் பார்த்து டாக்டரம்மா நோயாளிகளின் மார்பில் போடப் புதிதாகப் பச்சைத் துணி வாங்கியிருந்தார். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் பல் உடைந்து வந்தார், விசில் ஊதவே முடியவில்லை என்று. படம் என் போனில் வந்தது. இளஞ்சிவப்புப் பல். வெட்கப்படுகிற பல்லை நான் இதுவரை பார்த்ததில்லை. பதறிப்போய், "டாக்டர், அவருக்கு உள்ளே ரத்தம் கசியுதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் போனை எல்லோரும் கேட்கும்படி வைத்திருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? போலீஸ்காரரின் மனைவி அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அன்றே அவரை இழுத்துக்கொண்டு போய் ரத்தம், சிறுநீர், நெஞ்சு என்று எல்லாவற்றையும் சோதித்துவிட்டார்கள். ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். உன்னிடம் கேட்டேன்.

"பச்சைத் துணி பாதிப் படத்தை அடைச்சிருக்கு அத்தான். அதைச் சமன் பண்ண ஆப் சிவப்புப் பக்கம் தள்ளிடுச்சு. படத்துல இருக்கிற எல்லா நிறத்தையும் சராசரி எடுத்தா சாம்பல் நிறம் வரணும்ங்கிறதுதான் கணக்கு."

உலகத்தைச் சராசரி எடுத்தால் சாம்பல் என்று கண்டுபிடிக்கவா உன்னை இத்தனை படிக்க வைத்தார்கள்? என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

நடுவில் ஒரு புதுப்பிப்பு வந்தது, அதையும் விடுவானேன். நாலு வரிசை, ஐந்து பத்தி, மொத்தம் இருபது எண் கொண்ட ஒரு கட்டத்தால் இனி படத்தை மாற்றப்போவதாகச் சொன்னாய். வாயில் இருப்பது முப்பத்திரண்டு, உன்னிடம் இருப்பது இருபது, அப்போதே எனக்குச் சந்தேகம். கடைசி வரிசை, படம் எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்பதற்காம். அதில் எங்கோ ஒரு பூஜ்யத்தை நீ தவறிப் போட்டுவிட, இரண்டு நாள் படமெல்லாம் வெறும் வெளியாக வந்தது. நானும் முதலில் ஒன்றும் நினைக்கவில்லை. பல் இல்லாதவரைத்தானே டாக்டரம்மா படம் எடுத்திருக்கிறார், இல்லாத இடம் வந்திருக்கிறது என்று விட்டுவிட்டேன். உன்னோடு பழகிப் பழகி எனக்கும் புத்தி இப்படி ஆகிவிட்டது.

கடைசியில் கை கழுவினாய். "நீங்களே அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க அத்தான்" என்று விரலால் இழுக்கிற நாலு நகர்த்திகளைத் திரையில் வைத்துக்கொடுத்தாய். ஒளி, வேறுபாடு, செறிவு, வெம்மை. வீட்டில் மூன்று பேர் போட்டி. உன் அக்கா, "உயிரே இல்லைங்க, செறிவைக் கொஞ்சம் ஏத்துங்க" என்பாள், குழம்புக்கு உப்புச் சொல்கிற மாதிரி. உன் மருமகள் எல்லாவற்றையும் நீலமாக்கிவிட்டு, "இதான்பா இப்ப ஸ்டைல்" என்பாள். நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஒருநாள் காலை பத்து மணிக்கு உன் அக்காவை ஜன்னலோரம் உட்காரவைத்து, அவள் பல்லைப் படம் பிடித்து, போனை அவள் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, நாலு நகர்த்திகளையும் நூல் பிடித்தாற்போல நகர்த்தினேன். வெம்மை இருபத்தெட்டு, செறிவு நாற்பத்தொன்று. போனில் இருந்த பல்லுக்கும் வாயில் இருந்த பல்லுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. உன் அக்காவே கண்ணாடியில் பார்த்து ஒப்புக்கொண்டாள். அப்படியே பூட்டுப் போட்டேன். செயலிக்கு உள்ளே பூட்டு வைத்திருக்கிறாய் பார், அது ஒன்றுதான் நீ செய்ததில் உருப்படி என்று அன்றைக்கு நினைத்தேன்.

இப்போது உன் அம்மா கதைக்கு வருகிறேன். பேத்தி கண்ணில் படாமல் இருக்க, உன் அம்மா ஐஸ்பெட்டியின் அடியில் ஒரு சாக்லேட் கட்டியை ஒளித்து வைத்திருக்கிறார். அது கல்லாக இறுகியிருக்கிறது. யாரும் பார்ப்பதற்குள் கடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் கடித்ததில் முன் பல் பாதி போயிற்று. டாக்டரம்மாவிடம் போனார்கள், ராவி, அச்செடுத்து, படம் பிடித்து எனக்கே அனுப்பினார். ஒரே வீட்டில் இருக்கிற மாமியாரின் பல்லை நேரில் பார்க்காமல் ஏன் படத்தைப் பார்த்தீர்கள் என்று நீ கேட்கலாம். உன் அம்மாவைக் கேள்.

"அத்தை, ஜன்னல்கிட்ட ஒரு நிமிஷம் வாங்க, பக்கத்துப் பல்லைப் பாத்துக்கிறேன்" என்றேன்.

"மாப்பிள்ளை முன்னாடி வாயைப் பிளந்துக்கிட்டு உக்காரச் சொல்றாரா? நல்லாருக்கு!" என்று உன் அக்காவிடம் சொன்னார்.

"பேசும்போது தெரியாத பல்லாம்மா?" என்று உன் அக்கா கேட்டாள்.

"பேசுறது வேற, காட்டுறது வேற."

அவர் பேசும்போது பார்த்துக்கொள்ளலாமே என்றால் அதற்கும் வழியில்லை. உன் அம்மா பேசும்போது நான் தலையைக் குனிந்துகொள்வது வழக்கம். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், ஒரு பல்லுக்காக மாறாது. ஆக, படமே துணை என்று அன்று சாயங்காலம் பட்டறையில் உட்கார்ந்தேன். பூட்டு அப்படியே இருந்தது. வெம்மை இருபத்தெட்டு, செறிவு நாற்பத்தொன்று. சொந்த மாமியார் பல், சும்மா விடுவேனா? நாலு தடவை மாவு வைத்தேன், மூன்று தடவை சுட்டேன், படத்தையும் பல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. செவ்வாய்க்கிழமை, டாக்டரம்மா விடுப்பில் இருந்ததால், அவருடைய உதவியாளர் தற்காலிகமாக ஒட்டி அனுப்பினார்.

மஞ்சளப்பா! நீ கிடையாது என்று சொன்ன அதே மஞ்சள்! உன் அம்மாவின் வெண்ணிறப் பல்வரிசைக்கு நடுவில் பழுத்த இலை விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உன் அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. கண்ணாடியில் பார்த்தார், உதட்டை மூடினார், அவ்வளவுதான். என்னைக் கண்டால் சிரிக்காமல் இருக்கவே தெரியாதவர் அவர். என் நடையைப் பார்த்துச் சிரிப்பார், நான் குடையை மடிக்கிற விதத்தைப் பார்த்துச் சிரிப்பார், ஒருமுறை நான் தூங்குவதைப் பார்த்துச் சிரித்து என்னையே எழுப்பிவிட்டார். இந்தச் சிரிப்பு ஒருநாள் நிற்காதா என்று நான் ஏங்காத நாளில்லை. நின்றுவிட்டது. இப்போது கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்குத் தலையை மட்டும் ஆட்டுகிறார். நேற்று நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனேன். பார்த்தார். சிரிக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வியாழக்கிழமை டாக்டரம்மா அந்தப் பல்லைப் பார்த்துவிட்டார். என்னைக் கூப்பிட்டுப் பேசியதை அப்படியே எழுதுகிறேன், உன் மீட்டிங்கில் படித்துக் காட்டு. "சார், சொந்த மாமியார் பல்லையே பொருத்த முடியலைன்னா, மத்தவங்க வாயை எந்த தைரியத்துல உங்ககிட்ட விடுறது? வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அம்மா பல்லு சரியா வரணும். இல்லைன்னா எல்லா வேலையையும் பக்கத்துத் தெரு மெஷின் லேபுக்கு மாத்திடுறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

இதை எப்படிச் சரியாக எடுத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. என் பட்டறைக்கு வருகிற எட்டு வேலையில் ஆறு அவர் அனுப்புவது. அவர் போனால் சூளையில் அப்பளம் சுட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இதைக் கேட்டதோடு உன் அக்காவும் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஆகவே கடைசியாகக் கேட்கிறேன், மறைக்காமல் சொல். காலை பத்து மணிக்கு உன் அக்காவே சாட்சியாக நின்ற நிறம், பூட்டுப் போட்ட நிறம், சாயங்காலத்துக்குள் எப்படி மாறும்? எண்கள் மாறவில்லை, நான் தொடவில்லை, மருமகள் பள்ளியில் இருந்தாள். மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான். அங்கே இருந்துகொண்டே இங்கே இருக்கிற செயலிக்குள் கைவிட முடியும் என்று நீயே பெருமையடித்தாய். நீ கைவிட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாமல் எதையோ பெருக்கியிருக்கிறாய். உன்னைப் பெற்றவளின் பல்லையே மஞ்சளாக்கிப் பார்த்த பாவி நீ ஒருவனாகத்தான் இருப்பாய். புதன்கிழமைக்குள் என்ன செய்தாய் என்பதையும் எப்படி எடுப்பது என்பதையும் எழுதி அனுப்பு. கட்டைவிரல் வந்தால் அடுத்த விடுமுறைக்கு நீ இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் அலையாதே. யார் பல்லையும் பெருக்காதே. உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும், எல்லாவற்றுக்கும் முன்னால் நிறம் என்றால் என்ன என்கிற அறிவும் வாய்க்க ஆசீர்வதிக்கும்,

உன் அத்தான்
(உன் அக்காவைக் கட்டியதற்காக இன்னும் அனுபவிப்பவன்)

பி.கு.: மேலே கையெழுத்துப் போட்டது திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது. இப்போது சனிக்கிழமை. நடந்ததைச் சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

கடிதத்தோடு உன் குற்றத்துக்குச் சாட்சியாக, உன் அம்மா பல்லின் எண்களையும் குறித்து அனுப்பலாம் என்று படத்தைத் திறந்து மேசையில் வைத்துக்கொண்டேன். அப்போது படத்தில் பல் வெள்ளையாக இருந்தது. ஆகா, அகப்பட்டான் என்று பேனாவை எடுத்தேன். சுவர்க் கடிகாரம் ஆறு அடித்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், யாரும் தொடவில்லை, என் கண்ணெதிரிலேயே பல் மெல்ல மெல்ல மஞ்சளாகிறது. "பாரு, பாரு, கை விடுறான் பாரு உன் மாமன்!" என்று மகளைக் கூவி அழைத்தேன். வந்தாள். பார்த்தாள். போனின் திரையை மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்து எதையோ தட்டினாள். பல் வெள்ளையாயிற்று. மறுபடி தட்டினாள். மஞ்சளாயிற்று.

"அப்பா, இது கண்ணுக்கு இதமான மோடு. கண் எரியுதுன்னு நீங்கதானே போடச் சொன்னீங்க? ஆறு மணி ஆனா திரை முழுக்கத் தானா மஞ்சளாகும், காலைல ஆறுக்குத் தானா போயிடும். மாமா ஆப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

நான் எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். வங்கி மேலாளர், சாயங்காலம். பாட்டு டீச்சர், காலை. உன் அம்மா, சாயங்காலம். மஞ்சள் திரையைப் பார்த்து மஞ்சள் பல் செய்திருக்கிறேன். நீ பாவம், இல்லாத மஞ்சளைக் குறைக்க நீலத்தை ஏற்றியிருக்கிறாய். மஞ்சள் என்று தனியாக ஒன்று கிடையாது என்று நீ சொன்னது என் விஷயத்தில் முழு உண்மையாகிவிட்டது. போலீஸ்காரரின் சிவப்பும் அந்தப் பூஜ்யமும் மட்டும் உன் கணக்கு, அவற்றில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மறுநாள் காலை வீடே எனக்கு எதிராகக் கூடியது. மகள் நடித்தே காட்டினாள், நான் எப்படிப் பேனாவைப் பிடித்துக்கொண்டு 'கை விடுறான் பாரு' என்று கத்தினேன் என்று. உன் அம்மா காலைச் சாப்பாட்டுத் தட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கைக்குட்டையை எடுத்தார், உதட்டைக் கடித்தார், அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. ஆறு நாள் சிரிப்பு மொத்தமாக வந்தது. தலையை அண்ணாந்து, வாய் நிறைய, கடைவாய் வரை தெரியச் சிரிக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லையப்பா. ஓடிப்போய் மாதிரிப் பட்டையை எடுத்து வந்தேன். "அத்தை, நிறுத்திடாதீங்க, அப்படியே இருங்க" என்று உதட்டோரம் பிடித்தேன். ஜன்னல் வெளிச்சம் நேராக விழுகிறது. மூன்றாவது மாதிரியா, நாலாவதா என்று இழுபறியாக இருக்கும்போது சிரிப்பு ஓயப் பார்த்தது. வேறு வழியில்லை, "போலீஸ்காரருக்கு ரத்தம் கசியுதான்னு கேட்டதும் நான்தான் அத்தை" என்றேன். மறுபடி திறந்தது. அப்புறம் வெறும் வெளியைப் பல் என்று நம்பினதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நாலாவது. சந்தேகமே இல்லை.

நேற்று வெள்ளிக்கிழமை டாக்டரம்மா அந்தப் பல்லை மாட்டினார். விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எது புதுசு என்று அவருக்கே ஒரு நொடி தெரியவில்லை. வேலையெல்லாம் என்னிடமே இருக்கிறது. உன் அக்கா பேசிவிட்டாள், பேசாமல் இருந்த நாலு நாளுக்கும் சேர்த்து. டாக்டரம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இந்தத் தடவை உங்க மச்சான் ஆப்பை என்னமா சரி பண்ணிட்டார்! அவரை ரொம்பப் பாராட்டினதா சொல்லுங்க" என்றார். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லிவிடுகிறேன் டாக்டர் என்று வந்துவிட்டேன். சொல்லியாயிற்று.

பாராட்டை நீ எடுத்துக்கொள். மேலே எழுதிய திட்டுகளைக் கிழிக்கலாம் என்றுதான் நினைத்தேன், ஒன்பது பக்கம், மனம் வரவில்லை. அப்படியே அனுப்புகிறேன். அடுத்த விடுமுறைக்கு வரும்போது வேறு ஏதாவது செய்துவிட்டுத்தான் போவாய், அதற்கு முன்கூட்டியே வாங்கிக்கொண்டதாக இருக்கட்டும்.